செர்மாட்டில் சொகுசுப் பனிச்சறுக்கு விடுமுறை: எதற்குச் செலவிடலாம், எதற்கு வேண்டாம்

சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தமக்கு ஐம்பதை நெருங்கும் வயது, மனைவிக்கு மூட்டுவலி, மகளுக்குப் பதினான்கு, மகனுக்கு ஒன்பது. நால்வரும் பனியில் கால் வைத்ததே இல்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஐந்து நாள், மிகச் சிறந்த விடுதி, முடிந்தால் ஹெலிகாப்டரில் உச்சிக்குப் போய்ச் சறுக்கிவருவது. செர்மாட், கூர்ஷெவெல், செயின்ட் மோரிட்ஸ் மூன்றில் எது? செலவைப் பற்றிக் கவலையில்லை, ஆனால் பணம் வீணாகக் கூடாது என்கிறார்.

சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குப் போங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிருங்கள். ஐந்து நாளை எட்டாக்குங்கள். ஹெலிகாப்டர் சறுக்கை இந்த முறை மறந்துவிடுங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

பனிச்சறுக்கு ஊர்களில் காலை ஒன்பது மணி முதல் நண்பகல் வரையிலான நேரத்துக்கு ஈடு எதுவும் கிடையாது. இரவு முழுக்க இயந்திரங்கள் ஓடிச் சமன்செய்த பாதைகள் அப்போது குலையாமல் இருக்கும். கால்களிலும் வலு இருக்கும். பிற்பகலில் பாதை குண்டும் குழியுமாகிவிடும், தொடைகள் நடுங்கத் தொடங்கும், புதியவர்கள் விழுந்து அடிபடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே அந்த மூன்று மணி நேரத்தைச் சேதமில்லாமல் உங்கள் கையில் கொடுக்கும் எந்தச் செலவும் நல்ல செலவு. சரியான வாரம், மலைமேல் ஏற்றிவிடும் கேபிள் கார் போன்ற லிஃப்டுக்கு அருகில் விடுதி, தனிப் பயிற்றுநர், காலுக்குப் பொருந்தும் பூட்ஸ் ஆகியவை அந்த வகை. அறையில் ஷாம்பெயின், விமான நிலையத்திலிருந்து லிமோசின் போன்றவை அதற்குப் பிறகுதான்.

முதலில் ஊர். பிரான்ஸின் கூர்ஷெவெல், சுமார் 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதைகள் கொண்ட 'மூன்று பள்ளத்தாக்குகள்' வட்டாரத்தில் இருக்கிறது. உலகின் ஆகப் பெரிய இணைந்த சறுக்குப் பகுதி அது. விடுதி வாசலிலேயே காலில் ஸ்கியை, அதாவது சறுக்குப் பலகையை, மாட்டிக்கொண்டு இறங்கலாம். சறுக்கத் தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கம். சறுக்காதவர்களுக்கோ விடுதியையும் கடைவீதியையும் தாண்டிப் பெரிதாக ஒன்றுமில்லை. செயின்ட் மோரிட்ஸ் குளிர்கால உல்லாசம் பிறந்த ஊர் என்றே சொல்லலாம். 1928, 1948 என இரண்டு முறை குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த இடம். பிப்ரவரியில் உறைந்த ஏரியின்மேல் குதிரைப் பந்தயம் நடக்கும். அந்த ஊரின் அழகு அதன் கூட்டத்தோடும் கொண்டாட்டத்தோடும் கலந்தது. கிஷ்டாட், கிட்ஸ்பியூல் போன்ற பெயர்பெற்ற ஊர்கள் மிகவும் தாழ்வானவை. கிஷ்டாட் சுமார் 1,050 மீட்டர், கிட்ஸ்பியூல் 800 மீட்டர்கூட இல்லை. சூடேறிவரும் குளிர்காலங்களில் அவ்வளவு தொலைவிலிருந்து வருகிற ஒருவர் அந்த உயரங்களை நம்பிப் பல மாதங்களுக்கு முன்பே பணம் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

செர்மாட் ஏறக்குறைய 1,600 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து லிஃப்டுகள் 3,883 மீட்டர் வரை ஏறுகின்றன. ஐரோப்பாவிலேயே உயரமான கேபிள் கார் நிலையம் அதுதான். பனி இருக்குமா என்ற கேள்விக்கு ஆல்ப்ஸில் கிடைக்கக்கூடிய ஆக நம்பகமான பதில் இந்த உயரம். அதைவிட உங்களுக்கு முக்கியம், உங்கள் மனைவிக்கு இங்கே முழு விடுமுறை இருக்கிறது என்பது. 1898இல் திறக்கப்பட்ட கோர்னர்கிராட் பற்சக்கர ரயில் சுமார் அரைமணி நேரத்தில் 3,089 மீட்டருக்குக் கொண்டுபோய்விடும். மேட்டர்ஹார்ன், மான்டே ரோசா சிகரங்களும் பனியாறுகளும் அங்கே சுற்றிலும் நிற்கும். ஸ்கி இல்லாமல், மூட்டுக்கு வேலை கொடுக்காமல் இதைப் பார்க்கலாம். நீங்கள் மூவரும் சறுக்க, அவர் அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் விடுமுறையாக இது ஆகிவிடக் கூடாது.

அடுத்து வாரம். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி முதல் வாரத்தின் இறுதிவரை ஆல்ப்ஸில் விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். பெரிய விடுதிகள் பலவும் ஏழு இரவுக்குக் குறைந்து அறை தருவதில்லை. புத்தாண்டு இரவு விருந்துக்கான கட்டணத்தையும் சேர்த்தே வசூலிப்பார்கள். லிஃப்ட் வரிசையில் உங்கள் காலை கரையும். நல்ல பயிற்றுநர்களை ஆண்டுதோறும் வரும் வாடிக்கையாளர்கள் முன்பே பிடித்துவைத்திருப்பார்கள். பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளி விடுமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மார்ச் மிக இனிமையானது: நீண்ட பகல், நல்ல வெயில், அடர்ந்த பனி. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு அது தேர்வுக் காலம். ஏப்ரல் கடைசியில் பல விடுதிகள் பருவத்தை முடித்துக் கதவடைத்துவிடும்.

உங்களுக்கு வாய்ப்பாக அமைவது பொங்கல். ஜனவரி நடுப்பகுதியில் புத்தாண்டுக் கூட்டம் வடிந்திருக்கும், பிப்ரவரிக் கூட்டம் தொடங்கியிருக்காது. ஆல்ப்ஸின் மிக அமைதியான வாரங்கள் அவை. பொங்கல் விடுமுறையோடு பள்ளியில் சில நாள் விடுப்புச் சேர்த்துக்கொண்டால் எட்டு இரவு கிடைத்துவிடும். அதே அறை கிறிஸ்துமஸ் விலையைவிட நன்றாகவே குறைந்து கிடைக்கும், அந்த மிச்சத்தில் பயிற்றுநர் செலவு பெரும்பாலும் அடங்கிவிடும். குளிர் மட்டும் கடுமையாக இருக்கும். உச்சியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரியைத் தாண்டும் நாள்களும் உண்டு. தகுந்த உடையிருந்தால் தாங்கலாம்.

விடுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பணத்தை இழப்பது இங்கேதான். செர்மாட் ஆற்றின் ஓரமாக நீண்டு கிடக்கும் ஊர். மூன்று மலைப்பகுதிகளுக்கும் மூன்று தனித்தனி ஏறுமிடங்கள். கோர்னர்கிராட் ரயில், ஊரின் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே புறப்படுகிறது. சுன்னெகாவுக்குப் போகும் சுரங்க மலை ரயில் அங்கிருந்து சில நிமிட நடை. பனியாற்றுப் பக்கம் ஏறும் கேபிள் கார் மட்டும் ஊரின் தென்கோடியில் இருக்கிறது. ஸ்கி பூட்ஸ் அணிந்து, தோளில் ஸ்கியைச் சுமந்து ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பது, சறுக்கத் தொடங்குமுன்பே ஒருவரைக் களைக்கவைத்துவிடும். மின்சார பஸ் இருக்கிறது, காலையில் அது நிரம்பி வழியும்.

புதியவர்கள் பழகும் சரிவு சுன்னெகாவுக்குச் சற்றுக் கீழே, லைசே என்ற சிறு ஏரியருகில் இருக்கிறது. அடுத்த கட்டத்துக்கான எளிய நீலப் பாதைகள் கோர்னர்கிராட் பக்கம் ரிஃபெல்பெர்க்கில் உள்ளன. எனவே உங்கள் விடுதி ரயில் நிலையத்தையும் சுன்னெகா ஏறுமிடத்தையும் ஒட்டியிருப்பதே முறை. மோன்ட் செர்வின் பேலஸ், ஊரின் பழங்குடும்பங்களின் அமைப்பான பர்கர் சமூகத்துக்கே சொந்தமான, 1879இல் திறந்த கிராண்ட் ஹோட்டல் செர்மாட்டர்ஹோஃப் இரண்டும் ஊரின் நடுவில், சமதரையில் இருப்பவை. மூட்டுவலிக்காரருக்கு அது பெரிய நன்மை. இரண்டிலும் நீச்சல்குளம் உண்டு. நிலையத்துக்குக் குதிரை வண்டி அனுப்பி அழைத்துப்போவதும் இவற்றின் பழைய வழக்கம், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். சுன்னெகா ஏறுமிடத்துக்கு நேர்மேலே பாறை விளிம்பில் இருக்கும் செர்வோ நவீன ரசனைக்காரர்களுக்கானது. 2,222 மீட்டரில் இருக்கும் ரிஃபெல்ஆல்ப் விடுதியில் கதவைத் திறந்தால் பனிச்சரிவுதான். ஆனால் மாலையில் ஊருக்குள் இறங்க வேண்டுமென்றால் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு அது ஒத்துவராது. தனி ஷாலே வீடும் சமையற்காரரும் எட்டுப் பத்துப் பேருக்குத்தான் பொருள்படும். நால்வருக்கு அதன் செலவு நியாயமில்லை.

அறையை உறுதிசெய்யுமுன் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். மேட்டர்ஹார்ன் காட்சி சன்னலிலிருந்து முழுதாகத் தெரியுமா, பால்கனியில் எட்டிப்பார்த்தால் மட்டும் தெரியுமா? இரண்டு அறைகளுக்கும் உட்கதவு உண்டா? பூட்ஸை இரவில் உலர்த்தும் சூடான அலமாரி இருக்கிறதா? லிஃப்ட் நிலையத்திலேயே ஸ்கியை வைத்துவிட்டு வர ஏற்பாடு உண்டா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், காட்சி சற்றுக் குறைந்த அறையானாலும் அந்த விடுதியையே எடுப்பேன்.

பயிற்றுநர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு நாளுக்குப் பல நூறு பிராங்குகள் ஆகும், இந்த விடுமுறையில் அதைவிடப் பயனுள்ள செலவு கிடையாது. உங்களுக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரு தனிப் பயிற்றுநரை எல்லா நாள்களுக்கும் எடுங்கள். நாளுக்கொருவர் மாறினால் ஒவ்வொரு காலையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மகனை மட்டும் குழந்தைகளின் குழு வகுப்பில் சேர்த்துவிடுங்கள். ஒன்பது வயதுப் பையன் விளக்கத்தால் கற்பதில்லை, முன்னால் போகும் பையனைப் பார்த்துத்தான் கற்கிறான். மூன்றாம் நாள் அவன் உங்களைக் கடந்து போவான். முதல் இரண்டு நாள் காலை மட்டும் போதும். ஸ்கியை ஆப்புப் போல விரித்து வேகத்தைக் குறைப்பது, திரும்புவது, விழுந்தால் எழுவது ஆகிய மூன்றும் வந்துவிட்டால் நான்காம் நாளில் நீலப் பாதையில் இறங்கிவிடலாம். சுவிட்சர்லாந்தில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். மஞ்சள் என்பது இயந்திரம் சமன்செய்யாத பாதை, அந்தப் பக்கமே போக வேண்டாம். உங்களுக்கு முன்னால், கீழே சறுக்குபவருக்கே முன்னுரிமை, மேலிருந்து வருபவர்தான் விலகிப் போக வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பூட்ஸ். பனிச்சறுக்கில் முதல் அனுபவம் கசந்துபோனவர்களிடம் பேசினால் பத்தில் எட்டுப் பேர் கால்வலியைத்தான் சொல்வார்கள். ஸ்கி, பூட்ஸ், தடிகள், ஹெல்மெட் எல்லாவற்றையும் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். ஆனால் வந்திறங்கிய அன்று மாலையே, கடையில் அவசரமில்லாத நேரத்தில் போய் உட்காருங்கள். ஒரே ஒரு மெல்லிய நீளமான ஸ்கி சாக்ஸ் மட்டும் அணியுங்கள். இரண்டு சாக்ஸ் போட்டால் வெப்பம் கூடாது, இரத்த ஓட்டம்தான் குறையும். நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல்கள் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்சாய்ந்தால் விரல்கள் பின்வாங்க வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. நடைக்காலணிபோல வசதியாக இருந்தால் அது பெரிய அளவு என்று பொருள். பத்து நிமிடம் அணிந்தபடி கடைக்குள்ளேயே உலாவுங்கள். உங்கள் எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றைக் கேட்டு, விழும்போது ஸ்கி எந்த அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதைக் கடைக்காரர் அமைப்பார். எடையைக் கூச்சத்தால் குறைத்துச் சொல்லவோ திறமையைக் கூட்டிச் சொல்லவோ கூடாது. முழங்காலைக் காப்பாற்றுவதே அந்த அமைப்புதான். மறுநாள் வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல கடைகள் முகம் சுளிக்காமல் மாற்றித் தரும்.

கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் நீர்புகா மேலுடை, நல்ல கையுறை, பனிக்கண்ணாடி இவற்றை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்து உடலோடு ஒட்டிக் குளிரவைக்கும். வெயில் களிம்பு கட்டாயம், பனி வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும்.

உயரத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். 3,883 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. சென்னையிலிருந்து வந்த மறுநாளே அங்கே ஏறினால் தலைவலியும் குமட்டலும் ஒரு நாளைத் தின்றுவிடும். முதல் நாள்களில் சுன்னெகா, பிறகு கோர்னர்கிராட், உச்சி கடைசியில். இதயக் கோளாறோ உயர் இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அந்த உயரத்துக்குப் போக வேண்டாம்.

மதியத்தில் குடும்பம் ஒன்றுசேர ஃபின்டெல்னைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. பழைய மரவீடுகள் நிற்கும் மலைக்குடியிருப்பு அது. ஷே வ்ரோனி, ஃபின்ட்லர்ஹோஃப் போன்ற உணவகங்களின் வெளித்திண்ணையிலிருந்து மேட்டர்ஹார்ன் முழுதாகத் தெரியும். சுன்னெகாவிலிருந்து நடந்தும் வரலாம். வழி இறக்கமானது, பனியில் வழுக்கும் என்பதால் உங்கள் மனைவி ஊன்றுகோல்களோடும் காலணிப் பற்களோடும் மெதுவாக வரட்டும், வலி மிகுந்த நாளென்றால் தவிர்க்கட்டும். சில வாரங்களுக்கு முன்பே மேசை சொல்லிவைத்துவிடுங்கள்.

நீங்கள் சைவமாக இருந்தால் ஒன்று. உருளைக்கிழங்கு ரோஸ்டி, உருக்கிய பாலாடைக்கட்டி உணவுகளான ஃபாண்டு, ராக்லெட் எனச் சைவம்போலத் தோன்றும் உணவுகள் எங்கும் கிடைக்கும். ஆனால் மரபான சுவிஸ் பாலாடைக்கட்டிகளில், குறிப்பாக க்ருயேரில், பாலை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. ரோஸ்டியிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் கலந்திருப்பது சகஜம். பெரிய விடுதிகளின் சமையலறைக்கு முன்கூட்டியே எழுதினால், எது ஏற்கும் எது ஏற்காது என்பதைக் கேட்டுத் தனியாகச் செய்து தருவார்கள்.

ஹெலிகாப்டர் சறுக்கு சுவிட்சர்லாந்தில் குறிப்பிட்ட இறங்குதளங்களில் அனுமதிக்கப்படுகிறது, பிரான்ஸில் உல்லாசத்துக்காக மலையில் இறங்குவதற்கே தடை. செர்மாட்டில் மான்டே ரோசாவில் இறங்கிப் பனியாற்று வெடிப்புகளுக்கு நடுவே வழிகாட்டியோடு சறுக்குவார்கள். எந்தப் பனியிலும் தடுமாறாமல் இறங்கக்கூடியவர்களுக்கானது அது. ஒரு வாரப் பயிற்சியில் யாரும் அந்த நிலைக்கு வர முடியாது, அழைத்துப்போகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள். வானிலிருந்து பார்க்க ஆசையென்றால், 1968 முதல் இயங்கும் ஏர் செர்மாட் மேட்டர்ஹார்னைச் சுற்றிக்காட்டும் பயணங்களை நடத்துகிறது. அதில் நால்வரும் போகலாம்.

அதைவிட நான் பரிந்துரைப்பது, பயணத்தின் பிற்பகுதியில் வானம் தெளிந்த ஒரு நாளில் கேபிள் காரிலேயே இத்தாலிக்குப் போய்வருவது. 2023 ஜூலையில் கடைசி இணைப்புத் திறக்கப்பட்டபின், ஸ்கி இல்லாதவர்களும் பனியாற்றுக்கு மேலாகப் பறந்து செர்வினியாவில் இறங்கி மதிய உணவு சாப்பிட்டுத் திரும்ப முடிகிறது. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே கிளம்புங்கள். காற்று வலுத்தால் மேல் இணைப்புகளை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் மலையைச் சுற்றிப் பல மணி நேரம் சாலையில் வர வேண்டியதுதான். புறப்படும் முன் கடைசி வண்டி நேரத்தையும் காற்று நிலவரத்தையும் நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

காப்பீட்டைக் கூர்ந்து படியுங்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அந்த நிபந்தனையை நிறைவேற்றும் சாதாரணத் திட்டங்கள் பலவற்றில் குளிர்கால விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கும். பனிச்சறுக்கு, மலைமீட்பு, ஹெலிகாப்டர் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். செர்மாட் இருக்கும் வாலே மாநிலத்தில் மலையில் விபத்தென்றால் அழைக்க வேண்டிய எண் 144. பிள்ளைகளின் கைப்பேசியிலும் அதைப் பதிந்துவையுங்கள்.

செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகள் நுழைய முடியாது. காரில் வந்தால் ஐந்து கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு, பன்னிரண்டு நிமிட ரயிலில் ஏற வேண்டும். ஆகவே லிமோசினுக்குக் கொடுக்கும் பணம் பாதி வழியிலேயே முடிந்துவிடுகிறது. சூரிக் விமான நிலையத்தின் அடியிலிருந்தே ரயில் ஏறுங்கள். விஸ்ப்பில் ஒரு முறை மாறினால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். முதல் வகுப்பு டிக்கெட் எடுங்கள். திரும்பும்போது மட்டும் விமானத்துக்கு முந்தைய இரவைச் சூரிக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் கடும் பனிப்பொழிவால் சாலையும் ரயிலும் துண்டிக்கப்பட்டு, சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் செர்மாட்டில் சிக்கிக்கொண்டார்கள். அடிக்கடி நடப்பதல்ல, ஆனால் நீங்கள் போகப்போவதும் அதே மாதம்தான். நான் எட்டு நாள் என்றது இந்த ஓர் இரவையும் சேர்த்துத்தான்.

பொங்கலுக்குப் போவதென்றால் ஜூலையிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். முதலில் பனிச்சறுக்குப் பள்ளிக்கு எழுதி, ஆங்கிலம் பேசும், வயதுவந்த புதியவர்களுக்குக் கற்றுத்தந்து பழகிய பயிற்றுநர் எந்தத் தேதிகளில் கிடைப்பார் என்று கேளுங்கள். அந்தத் தேதிகளுக்கு விடுதி அறையை, ரத்துசெய்யக்கூடிய கட்டணத்தில் எடுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அதிக இரவுகள் சுவிட்சர்லாந்தில் என்பதால் சுவிஸ் விசாவையே கேளுங்கள். விசா கைக்கு வந்தபின் விமான டிக்கெட், மலை உணவகங்களில் மேசை. லிஃப்டுகளில் ஏறுவதற்கான ஸ்கி பாஸை முழு வட்டாரத்துக்கும் மொத்தமாக வாங்கவே வேண்டாம். முதல் நாள்களில் பழகும் சரிவுக்கான சிறிய பாஸ் போதும், பிறகு எது தேவை என்பதை உங்கள் பயிற்றுநரே சொல்வார்.